கோடை வெயிலும் வளரும் கோழிகளும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கங்களில் தறி நெய்யும் குடும்பங்களும் புஞ்சை பயிரிடும் குடும்பங்களும் உபதொழிலாகக் கோழி வளர்ப்பது புதிதன்று. பங்குனி மாதத்தில் குஞ்சு வாங்க எண்ணும் அங்கத்தினர்களுக்கு நாம் ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். வெயில் எல்லாக் கோழிகளுக்கும் பொதுவானதே. அதனால் நேரும் தீங்கோ இனத்துக்கு இனம், வயதுக்கு வயது வேறுபடும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே சுமார் 41 டிகிரி சென்டிகிரேடு. வெளிக்காற்று 30 டிகிரியைக் கடந்து ஏற ஏற, வாயைத் திறந்து இரைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஓயாமல் இரைப்பதால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி இரத்தத்தின் நிலை பிறழ்கிறது. தீனி எடுப்பது குறைந்து வளர்ச்சி தடைப்படுகிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் குன்றுகிறது.

பொரித்த குஞ்சின் நிலை வேறு. முதல் வாரத்தில் அதற்கு 35 டிகிரி வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைய வேண்டும். நம் சித்திரை வெயில் அவ்விதம் குறைவதில்லை. முதல் வாரத்தில் இதமாயிருந்த அதே சூடு, ஐந்தாம் வாரத்தில் உயிருக்கு உலை வைக்கிறது.

பிராய்லர் எனப்படும் கறிக்கோழிக்கே இதனால் அபாயம் அதிகம். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையை எட்டும் வண்ணம் அது மிகுதியாகத் தின்கிறது. அத்தீனி செரிக்கும்போது உடலுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. விற்பனைக்குச் சில நாட்களே இருக்கையில், தீனிச் செலவு முழுவதும் செய்தான பின், ஒரே நடுப்பகலில் பல கோழிகள் சாய்ந்துவிடக்கூடும். வெள்ளை லெகார்ன் உடல் சிறுத்தது. தன் பெரிய கொண்டையின் வழியாகவும் சூட்டை வெளிவிடுவதால், கனத்த சீமை இனங்களைவிடத் தாங்கும். நமது பெருவிடையும் சிறுவிடையும் மெதுவாக வளர்வன. அந்த மந்தமே கோடையில் அவற்றுக்குக் காப்பாகிறது.

கழுத்தில் இறகில்லாத நாட்டுக்கோழியைத் தனியே குறிப்பிட வேண்டும். தாய் தந்தை இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் அக்குணம் வந்தால் இறகு சுமார் 20 சதவீதமும், இரண்டிடமிருந்தும் வந்தால் சுமார் 40 சதவீதமும் குறைவாயிருக்கும். வெற்றுத்தோல் வழியே சூடு எளிதில் வெளியேறும். பார்வைக்கு அழகில்லை என்று இதை ஒதுக்குவோர் உண்டு; கோழியை அழகுக்காகவா வளர்க்கிறோம்? இஸ்ஸத்நகரில் 1979ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைக் கலந்தே 'ஹிட்காரி' என்னும் கோழியை உருவாக்கியது.

மின்விசிறி வசதியற்றவர்கள் கறிக்கோழிக் குஞ்சுகளை மாசி முதல் வாரத்தில் விட்டால் பங்குனிக்குள் விற்றுவிடலாம். பங்குனி நடுவில் விட்டாலோ, அவை எடை கூடும் சமயம் அக்கினி நட்சத்திரத்தோடு வந்து சேரும். கோடையில்தான் வளர்த்தாக வேண்டுமெனில் நாட்டு இனமே உசிதம் என்பது நமது கருத்து.

கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டு, கீற்று வேய்ந்து, இரு புறமும் காற்றோட்டமாக இருக்கட்டும். நனைத்த சாக்கைக் காற்று வரும் பக்கத்தில் மட்டும் தொங்கவிடுக. காற்றின்றி ஈரம் தேங்கினால் இரைப்பினால் பயனில்லை. தீனியை விடியற்காலையிலும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் வைக்க வேண்டும். குளிர்ந்த நீர் எந்நேரமும் நிழலில் இருக்க வேண்டும். பகல் முழுதும் தறியில் அமர்ந்திருப்பவர் எழும்போதெல்லாம் நீர்த்தொட்டியைத் தொட்டுப் பார்த்து, சூடேறியிருந்தால் கொட்டிவிட்டு மண்பானை நீரை ஊற்றலாம்.