பனியை அள்ளுவது யார் பொறுப்பு?

கனடாவின் டொரண்டோ நகரில் பனிப்பொழிவு கண்ணுக்கு இனிய காட்சி மட்டுமன்று. அது சட்டம் சார்ந்த விஷயமும்கூட. தெருவில் விழும் பனியை யார் அகற்றுவது, வாசலில் ஒருவர் வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்பதற்கெல்லாம் அங்கே எழுதப்பட்ட விதிகள் உள்ளன. அவை பலரும் நம்பிக்கொண்டிருப்பதற்கு மாறானவை என்பதே என் அனுபவம்.

தெரு மாநகராட்சியின் பொறுப்பு. விரைவுச் சாலைகளில் 2.5 செ.மீ., முக்கியச் சாலைகளில் 5 செ.மீ., குடியிருப்புத் தெருக்களில் 8 செ.மீ. பனி சேர்ந்த பிறகே அகற்றும் வண்டிகள் புறப்படும். ஆம்புலன்ஸும் பேருந்தும் செல்லும் சாலைகளுக்கு முதலிடம் தருவது நியாயமே. நம் வீட்டு முன் பனியை அள்ளித் தெருவில் கொட்டுவது விதிமீறலாகும்.

நடைபாதையின் கதை வேறு. நகரின் பழைய மையப் பகுதிகளில் வீட்டுக்காரர்களே அதைத் துப்புரவு செய்யவேண்டியிருந்தது. 2021-இல் மாநகராட்சி அந்தப் பணியையும் ஏற்றது. இயந்திரம் செல்ல இயலாத இடங்களில் மட்டும், பனி நின்ற 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அகற்ற வேண்டும்.

அகற்றத் தவறினால் அபராதம் உண்டு. ஆனால், பொது நடைபாதையில் ஒருவர் விழுந்துவிட்டால், அந்த விதியை மீறிய ஒரே காரணத்துக்காக வீட்டுக்காரர் இழப்பீடு தரவேண்டியதில்லை என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. மாநகராட்சியிடம் இழப்பீடு கோருவதும் எளிதன்று. கடும் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும்; 10 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். தனியார் வளாகத்தில் விழுந்தவருக்கு, 2021 முதல் அந்தக் கெடு 60 நாள்கள்.

நம்மவர்களை நேரடியாகத் தொடும் கேள்வி இனிமேல்தான் வருகிறது. தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவில் புதிதாக வரும் மாணவர்களும் குடும்பங்களும் பெரும்பாலும் 'பேஸ்மென்ட்' எனப்படும் நிலக்கீழ் தளத்தில்தான் வாடகைக்குக் குடியேறுகின்றனர். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் சாவியோடு பனி அள்ளும் மண்வெட்டியும் கைமாறுகிறது. 'பாதையைச் சுத்தமாக வைத்திருப்பது வாடகைதாரர் பொறுப்பு' என்று ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கும்.

அந்த வரி செல்லாது. நிலக்கீழ் தளத்தில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், பனி உறைந்த நடைவழியில் விழுந்து காயமுற்ற வழக்கில் 2009-இல் அதே நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொது நடைவழியைப் பாதுகாப்பாக வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. வாடகை ஒப்பந்தத்தின் வழியே அதைக் கைகழுவ முடியாது. வாடகைதாரரே அந்த வேலையைச் செய்ய வேண்டுமானால், அதற்கான ஊதியத்துடன் தனி ஒப்பந்தம் தேவை. உரிமையாளருடன் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழ்வோருக்கு மட்டும் இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது.

இது வெறும் உரிமைச் சண்டை அன்று. கியூபெக் மாநிலத் தரவுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, 20 செ.மீ. பனி பொழிந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு கூடுவதாகக் காட்டியது. கடுங்குளிரில் ஈரப்பனியை அள்ளுவது இதயத்துக்குப் பெரும் சுமை. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த தந்தை, சும்மா இருக்கப் பிடிக்காமல் மண்வெட்டியைக் கையில் எடுப்பதை எத்தனையோ வாசல்களில் பார்க்கிறேன்.

உரிமையாளர்களும் நம் மக்கள்தான். வீட்டுக் கடனைச் சுமந்து உழைப்பவர்கள்தான். எனினும், வாடகை வருவாயோடு வாசலின் பாதுகாப்பும் அவர்களைச் சேர்ந்ததே. முதல் பனி விழுவதற்கு முன்பே இரு தரப்பினரும் அமர்ந்து பேசி, யார் அள்ளுவது, அதற்கு என்ன ஊதியம் என்பதை எழுதிக்கொள்வது நல்லது. உடைந்த இடுப்பெலும்போடு வழக்கறிஞரைத் தேடுவதைவிட அது எளிது, உறவும் கெடாது.