கனடாவின் சமஷ்டியும் ஒரு புளூஸ் கசெற்றும்

1995 ஒக்டோபர் 30, திங்கட்கிழமை இரவு. மொன்ரியலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மா மூட்டைகளுக்கு மேலே வைத்திருந்த சின்னத் தொலைக்காட்சியில் கியூபெக் சர்வசன வாக்கெடுப்பின் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. கனடாவிலிருந்து விலகி இறைமையுள்ள நாடாவதா இல்லையா என்று அந்த மாகாணம் தன் மக்களைக் கேட்டிருந்தது. கிழக்குப் பக்கத் தொகுதிகளின் முடிவுகள் முதலில் வந்ததால் 'ஆம்' முன்னே போனது. மொன்ரியல் வாக்குகள் சேரச் சேர அது இறங்கியது. கடைசியில் 'இல்லை' 50.58 வீதம், 'ஆம்' 49.42 வீதம். வித்தியாசம் 54,288 வாக்குகள். 'இல்லை' என்று விழுந்த வாக்குகளில் ஒன்று என்னுடையது.

அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனங்கள் மழையில் நனைந்தபடி செம்மணி, நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தார். எனக்கு அப்போது அது தெரியாது. கொழும்பிலிருந்த மாமா மூலம் அம்மா கொடிகாமத்தில் இருக்கிறார் என்று அறிய இரண்டு கிழமைக்கு மேலானது.

தன்னாட்சி கேட்டுப் போராடிய ஓர் இனத்திலிருந்து வந்தவன், இன்னோர் இனம் தன்னாட்சி கேட்டபோது ஏன் 'இல்லை' என்று வாக்களித்தான்? இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கௌரவமான பதில் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. அகதியாக வந்தவனுக்கு ஏழு வருடத்துக்குள் கிடைத்த ஒரே பெறுமதியான பொருள் கனடியக் கடவுச்சீட்டு. அதை வழங்கியது ஒட்டாவா. அதைப் பணயம் வைக்கப் பயந்தேன், அவ்வளவுதான். மொன்ரியலில் குடியேறிய பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அன்றிரவு கியூபெக்கின் முதலமைச்சர் ஜாக் பாரிஸோ மேடையேறி, பணமும் இனக்குழு வாக்குகளும்தான் தங்களைத் தோற்கடித்தன என்று சொன்னார். அடுத்த நாளே பதவி விலகுவதாக அறிவித்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் கறுப்பினத்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். பாரிஸோ பேசி முடித்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வழக்கமாகப் போடும் கசெற்றைப் போட்டார். "இனி உனக்கும் இந்தப் பாட்டு விளங்கும்" என்றார். அதுவரை அந்தக் கசெற்றை நான் ஒரு தொந்தரவாகத்தான் கருதியிருந்தேன். புளூஸ் மீதான என் பைத்தியம் தொடங்கியது அந்த இரவில்.

புளூஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பின்னும் பருத்திக் காடுகளில் கடனாளிகளாகவே உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த இசை அது. பாடல் பெரும்பாலும் பன்னிரண்டு அளவுகள் கொண்ட ஒரு சுற்றாக வரும். முதல் வரியைப் பாடுவார்கள். அதையே திரும்பவும் பாடுவார்கள். மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். சில சுரங்களைச் சுருதிக்குச் சற்றுக் கீழே இழுத்துப் பாடுவதால் அழுகையா நக்கலா என்று பிரித்தறிய முடியாத ஒரு குரல் வரும். எங்கள் ஒப்பாரிக்கும் இதற்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. ஆனாலும் ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

கனடாவின் சமஷ்டியை நான் படித்தது பெரும்பாலும் அந்தச் சமையலறையில்தான். பெரியவரின் தகப்பன் இரயில் படுக்கைப் பெட்டிகளில் போர்ட்டராக இருந்தவர். அந்த வேலைக்குக் கறுப்பினத்தவர்களைத்தான் எடுத்தார்கள். படுக்கை விரிப்பது, சப்பாத்துத் துடைப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் அவர்கள் பாடு. பயணிகள் அவர்கள் எல்லோரையும் 'ஜோர்ஜ்' என்று ஒரே பெயரில் கூப்பிடுவார்கள். ஜோர்ஜ் புல்மன் என்ற இரயில் பெட்டி முதலாளியின் பெயர் அது. இரயில் நிலையத்துக்கு அருகே அவர்கள் குடியிருந்த லிற்றில் பேர்கண்டியில், முன்னாள் போர்ட்டரான ரூஃபஸ் றொக்ஹெட் 1928இல் ஓர் இரவு விடுதி திறந்தார். அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்த காலம் அது. கனடாவில் மது விற்பனை மாகாணங்களின் விடயமாக இருந்தது. கியூபெக் தன் கதவைத் திறந்து வைத்திருந்தபடியால் அமெரிக்கப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வடக்கே வந்தார்கள். அதிகாரப் பகிர்வினால் ஓர் ஊருக்கு இசை வந்த கதை இது. ஒற்றையாட்சியில் இது நடந்திராது.

மறுபக்கமும் இருக்கிறது. மாகாணங்களைக் கடந்து ஓடும் இரயில் ஒட்டாவாவின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1953இல் மத்திய பாராளுமன்றம் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியபோது போர்ட்டர்களின் தொழிற்சங்கம் அதைக் கையில் எடுத்தது. சில வருடங்களில் முதலாவது கறுப்பினக் கண்டக்டர்கள் பதவி உயர்வு பெற்றார்கள். ஆனால் தொழிற்சாலைகளும் கடைகளும் மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டவை. கியூபெக் அப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்தது 1964இல்தான். ஒரே தெருவில் குடியிருந்த இரண்டு சகோதரர்களில் இரயிலில் வேலை செய்தவனுக்கு ஒரு பாதுகாப்பு, தொழிற்சாலையில் வேலை செய்தவனுக்கு அது இல்லை. "என் தகப்பனைக் காப்பாற்றியது மாகாணம் அல்ல" என்று பெரியவர் சொல்வார்.

சமஷ்டி என்றால் நன்மை என்று தந்தை செல்வா காலத்து மேடைகளிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கு இது உறைத்தது. அவரோடு வாதாடுவேன். அவர் கசெற்றைக் காட்டுவார். அந்தப் பாடகர்களில் பலர் மிசிசிப்பியில் பிறந்தவர்கள். அமெரிக்காவும் சமஷ்டி நாடுதான். 1890இல் மிசிசிப்பி தன் சொந்த மாநில அரசியலமைப்பில் வாக்குக்கு வரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்தது. அப்போது அந்த மாநிலத்தின் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். இந்த விதிகளால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாக்கை இழந்தார்கள். வாஷிங்டன் கேட்டால் 'மாநில உரிமை' என்பது பதில். 1927இல் மிசிசிப்பி ஆறு பெருகியபோது கிறீன்வில் அணைக்கட்டின் மேல் முகாம்கள் போட்டார்கள். கறுப்பின மக்கள் அடையாள அட்டை கட்டிக்கொண்டு, அனுமதியில்லாமல் வெளியே போக முடியாமல், துப்பாக்கிக் காவலின் கீழ் கூலி வேலை செய்தார்கள். தோட்ட முதலாளிகளுக்கு ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். இப்படியான முகாம் எப்படியிருக்கும் என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெருவெள்ளத்தைப் பற்றிப் பல புளூஸ் பாட்டுகள் வந்தன. பின்னர் மட்டி வோட்டர்ஸ் போன்றவர்கள் இரயிலேறி சிக்காகோவுக்குப் போய்விட்டார்கள். அவர் போனது 1943இல். மாநிலங்கள் பறித்த வாக்குரிமையை மத்திய அரசு உறுதியாக மீட்டுக்கொடுத்தது 1965ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான்.

"உங்கள் ஆட்கள் கேட்கும் அந்த மாகாணத்தில் பெட்டி தூக்கப்போவது யார்?" ஒருநாள் பெரியவர் இப்படிக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இனி கனடாவின் கணக்கைப் பார்ப்போம். 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதிகாரங்களை இரண்டு பட்டியல்களாகப் பிரித்தது. பாதுகாப்பு, நாணயம், குற்றவியல் சட்டம் ஒட்டாவாவுக்கு. கல்வி, வைத்தியசாலைகள், சொத்தும் குடியியல் உரிமைகளும் மாகாணங்களுக்கு. எழுத்தில் பார்த்தால் அது மத்தியை வலுவாக்கிய ஏற்பாடு. மாகாணச் சட்டம் எதையும் ரத்துச்செய்யும் அதிகாரம் மத்திய அமைச்சரவைக்கு இருந்தது. இன்றும் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் கடைசியாக அதைப் பாவித்தது 1943இல். நீதிமன்றங்கள் மாகாணங்களின் பக்கம் சாய்ந்து தீர்ப்பளித்தன, அரசியல்வாதிகளும் அந்தக் கத்தியை உறைக்குள் வைத்துப் பழகினார்கள். எங்கள் 13ஆவது திருத்தத்தில் கதை தலைகீழ். காகிதத்தில் மாகாணத்துக்குக் கொஞ்சம் இருக்கிறது, நடைமுறையில் ஆளுநர் இருக்கிறார். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை.

கியூபெக் தனக்குக் கிடைத்ததை நன்றாகப் பாவித்தது. 1977இல் வந்த மொழிச் சட்டத்தினால் குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குப் போகவேண்டியதாயிற்று. என் மகளும் அப்படித்தான் படித்தாள். நான் முதலில் எரிச்சல்பட்டேன். பிறகு யோசித்தேன், யாழ்ப்பாணத்தில் தமிழுக்கு இந்த உரிமை இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேனா? வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலுக்குள் பிரெஞ்சு இன்றும் உயிரோடு இருப்பதற்குச் சமஷ்டி ஒரு பெரிய காரணம். அதே கியூபெக் 2019இல், ஆசிரியர்களும் பொலிஸாரும் வேலை நேரத்தில் மத அடையாளம் அணியக்கூடாது என்று சட்டம் போட்டது. முக்காடு போடும் ஆசிரியைகளும் தலைப்பாகை கட்டும் சீக்கியரும்தான் அதில் அதிகம் அகப்பட்டார்கள். 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனம் குறுக்கே நிற்காதபடி, சாசனத்தின் 33ஆவது பிரிவை முன்கூட்டியே பாவித்தார்கள். அந்தப் பிரிவு ஐந்து வருடங்களுக்குச் சில அடிப்படை உரிமைகளை ஒதுக்கிவைக்க எந்தச் சட்டசபைக்கும் இடம் தருகிறது. தவணை முடிந்தால் புதுப்பிக்கலாம். சிறுபான்மையாக நின்று வாங்கிய அதிகாரத்தால் இன்னொரு சிறுபான்மையை அழுத்த முடிகிறது. இது சமஷ்டியின் நோயா, மனிதரின் நோயா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

கனடியத் தமிழருக்கு இந்த இரட்டை அமைப்பு உதவியும் இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணம் 2021இல் தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரச் சட்டத்தை நிறைவேற்றியபோது, மாகாணம் வெளிவிவகாரத்தில் தலையிடுகிறது என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2025இல் உச்ச நீதிமன்றமும் மேன்முறையீட்டை எடுக்க மறுத்தது. 2022 மே 18 அன்று மத்திய பாராளுமன்றம் தமிழின அழிப்பை ஏற்று ஏகமனதாகப் பிரேரணை நிறைவேற்றியது. அது சபையின் கருத்து மட்டுமே, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. 2023 ஜனவரியில் ராஜபக்ஷ சகோதரர்கள் இருவர் உட்பட நால்வர் மீது தடை விதித்தது அமைச்சரவை, வேறொரு சட்டத்தின் கீழ். இந்த வேறுபாடு விளங்காமல், கனடா ஏற்றுக்கொண்டுவிட்டதே, ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று ஊரிலிருந்து கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2002 டிசம்பரில் ஒஸ்லோவிலிருந்து செய்தி வந்தது. ஒன்றுபட்ட இலங்கைக்குள் சமஷ்டித் தீர்வை ஆராய இரு தரப்பும் உடன்பட்டிருந்தன. சமஷ்டிகளுக்கான மன்றம் என்ற ஒட்டாவா நிறுவனமும், அதன் சார்பில் ஒன்ராறியோவின் முன்னாள் முதல்வர் பொப் ரேயும் அந்த நாட்களில் சமஷ்டி பற்றி இரு தரப்புக்கும் விளக்கப் போனார்கள். அதே பொப் ரேயை 2009 ஜூனில் கொழும்பு விமான நிலையத்திலேயே வைத்துத் திருப்பியனுப்பினார்கள் என்பது பிந்திய கதை.

ஒஸ்லோச் செய்தியைப் பெரியவரிடம் சொல்ல ஓடினேன். அப்போது நான் கோப்பையிலிருந்து அடுப்புக்கு உயர்ந்திருந்தேன். அவர் சந்தோஷப்பட்டார், கை குலுக்கினார். பிறகு அந்தப் பழைய கேள்வியைத் திரும்பவும் கேட்டார், புளூஸின் இரண்டாவது வரி மாதிரி.

இந்த முறை சொன்னேன். 1990 ஒக்டோபர் 30, வாக்கெடுப்புக்கும் எங்கள் இடப்பெயர்வுக்கும் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதம் போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். எனக்குச் சட்டை தைத்தவர் சோனகத் தெருக்காரர். நான் அப்போது மொன்ரியலில் இருந்தேன், செய்தி கேட்டேன், ஒருவரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

"இரண்டு மணித்தியாலம்."

கசெற்றின் ஒரு பக்கம் முடிந்திருந்தது. அவர் அதைத் திருப்பிப் போடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வர இன்னும் நேரமிருந்தது. வெங்காயச் சாக்கை எனக்கும் அவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டார், இருவரும் உரிக்கத் தொடங்கினோம்.