சம்மட்டியைக் கீழே போடுங்க! செத்துப்போன சிவப்புத் தரைக்கு தேங்காய் எண்ணெய் வைத்தியம்!

மார்த்தாண்டம் வட்டாரத்தில் பழைய ஓட்டு வீடோ, நாற்பது வருஷத்துக்கு முந்திய கான்கிரீட் வீடோ, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது சிவப்புத் தரைதான். போட்ட புதிதில் அதில் முகம் பார்க்கலாம். இப்போது? நடுக்கூடத்தில் கோணல்மாணலாக ஒரு கீறல். சுவர் ஓரத்தில் வெள்ளையாக உப்பு. கட்டில் கால் நின்ற இடத்தில் தேமல் மாதிரி வட்டம். போதாக்குறைக்கு இந்த ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தரை காய நேரம் ஏது?

பக்கத்து வீட்டிலோ வளைகுடா பணத்தில் டைல்ஸ் வெள்ளை வெளேர் என்று மின்னுகிறது. விடுவாளா வீட்டுக்காரி?

"தரையைப் பாத்தாலே எரிச்சலா வருது கொத்தனாரே. மாசி மாசம் பொண்ணு பாக்க வாறாங்க. உடைச்சிரலாமா?"

"அதுக்கென்னக்கா, உடைச்சிரலாம். நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வாறேன்."

இந்தப் பேச்சு நடக்காத தெரு குறைவு. உடைக்கிறது ஒரு நாள் வேலை. பிறகு கடனை அடைக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்க

10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. நடுத்தரமான டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு அறைக்கு டைல்ஸ் மட்டும் 6 ஆயிரம். நாலு அறைக்கு 24 ஆயிரம். அதோடு முடிந்ததா? உடைக்கக் கூலி, இடிசலை அள்ளிப்போக வண்டி வாடகை, மணல், சிமெண்டு, பதிக்கக் கூலி எல்லாம் தனி. உடைக்காமல் மேலேயே ஒட்டினால் தரை உயர்ந்து கதவு இடிக்கும். தச்சருக்கு ஒரு கூலி! கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய நகை பேங்குக்குப் போவது இப்படித்தான்.

அந்தத் தரையை உடைக்காமலே மீட்கலாம். செலவு நூறுகளில் அடங்கும். வேண்டியது ஒரு தேங்காய்த் தொண்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ஒரு பழைய வேட்டி. தொண்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன?

அரண்மனையில் அதிசயம், வீட்டில் அசிங்கமா?

வெளியூர் சொந்தக்காரர் வந்தால் மார்த்தாண்டத்துக்காரர் என்ன செய்வார்? நாகர்கோவில் பஸ் பிடித்து, தக்கலையில் இறங்கி, பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போவார். (திங்கட்கிழமை போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும்.) திருவிதாங்கூரின் தலைநகரம் 1795 வரை அங்கேதான் இருந்தது. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே இருக்கிறது.

அங்கே நவராத்திரி மண்டபத்தின் கறுப்புத் தரையைப் பார்த்து வாய் பிளக்காதவர் இல்லை. கண்ணாடி தோற்கும்! சுண்ணாம்பு, எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று சொல்லுவார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தரை இத்தனை காலம் தாங்குவதில் அந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

அதைப் பார்த்து மெச்சிவிட்டு வீட்டுக்கு வந்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த தரையை சம்மட்டியால் அடித்தால் என்ன நியாயம்? அரண்மனையில் இழைத்தது சுண்ணாம்பு. வீட்டில் இழைத்தது சிமெண்டு. சாயம் கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்தே பளபளப்பு ஏற்றும் வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்தியாவில் சிமெண்டு உற்பத்தி நிலைத்தது 1914-ல், குஜராத்தின் போர்பந்தரில். சிமெண்டு பரவப் பரவ சாயத்தரையும் ஊர் ஊராகப் பரவியது. சிவப்புச் சாயம் வேறொன்றும் இல்லை, இரும்பு ஆக்சைடு. சாதாரண துருவுக்கு நெருங்கிய உறவு. வெயிலில் வெளுக்காது, தண்ணீரில் கரையாது. ஆகவே உங்கள் வீட்டுத் தரையில் நிறம் போகவில்லை. மேலே அழுக்கும் உப்பும் பழைய மெழுகும் ஏறி அதை மூடியிருக்கிறது. அவ்வளவுதான்!

ஆசிட் பாட்டிலைத் தொடாதீங்க!

தரை அழுக்கு என்றதும் பலபேர் கடைக்கு ஓடி ஆசிட் வாங்கி ஊற்றுகிறார்கள். நுரை பொங்குவதைப் பார்த்து, அழுக்கு போகிறது என்று சந்தோஷம் வேறு! பொங்குவது அழுக்கு அல்ல, சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து. தேய்த்து ஏற்றிய வழவழப்பு அதோடு அரித்துப் போய்விடும். தரை சொரசொரவென்று ஆகி, பிறகு விழுகிற கறையை எல்லாம் குடிக்கும். ஆசிட் குடித்த தரைக்கு எண்ணெய் வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போதும். தொண்டை இரண்டாகப் பிளந்து, நார்ப் பக்கத்தால் தேயுங்கள். பெயிண்டு சொட்டியிருந்தால் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, ஒரு பகல் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு எண்ணெய் தொட்டால் வேலை கெட்டது.

காய்ந்த பிறகுதான் எண்ணெய். ஊற்றக்கூடாது! துணியில் சில சொட்டு தொட்டு, ஒரு முழ அகலத்துக்குப் பூசி, காய்ந்த தொண்டால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கை வலிக்கும். பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். முடிவில் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து மிச்ச எண்ணெயை எடுத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் பிசுபிசுத்து, தூசியை இழுத்து, தரை பழையபடி கறுக்கும். முதல் நாளே அரண்மனை ஆகிவிடாது. இடைவெளி விட்டு மூன்று நாலு தடவை செய்தால் நிறம் எழுந்து வரும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி கல்லும் இப்படித்தான் துடைக்கத் துடைக்க மெருகேறுகிறது. எண்ணெய் வாடை பிடிக்காதவர்கள் கடையில் விற்கும் தரை மெழுகு வாங்கிக்கொள்ளலாம்.

கீறலுக்கு என்ன வழி?

முதலில் விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் கேட்டால் கவலை இல்லை. 'டொப் டொப்' என்று கேட்டால் மேல்பூச்சு அடித்தரையை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பூச வேண்டும்.

கெட்டியான தரையில் கீறல் இருந்தால் உளியால் லேசாக அகலப்படுத்தி, தூசியை ஊதி, நனைத்துவிட்டு, சிமெண்டும் சிவப்புச் சாயமும் குழைத்து அடைக்கலாம். சாயம் கூடினால் அழகு கூடும் என்று நினைக்க வேண்டாம். சிமெண்டு எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பிடிமானம் குறையும். குழைத்ததை முதலில் ஒரு ஓட்டுத் துண்டில் பூசிக் காயவைத்து நிறம் பாருங்கள். ஈரத்தில் தெரிகிற நிறம் வேறு, காய்ந்தால் வேறு. என்ன செய்தாலும் ஒட்டுப் போட்டது லேசாகத் தெரியத்தான் செய்யும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், சிமெண்டு தோலை அரிக்கும். அடைத்த இடத்தை ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும்.

துடைக்கத் துடைக்க உப்பு பூக்கிறதா? அடியில் ஈரம் ஏறுகிறது. அதற்கு எண்ணெய் மருந்தல்ல. சுவருக்கு வெளியே தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்து முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

குளியலறை, படிக்கட்டு, முற்றத்து ஓரம் ஆகிய இடங்களில் எண்ணெயும் மெழுகும் கூடவே கூடாது! வயசானவர்கள் இருக்கிற வீட்டில் இன்னும் ஜாக்கிரதை. மெருகேறிய தரை நனைந்தால் டைல்ஸ் போலவே இதுவும் வழுக்கும். வாசலில் ஒரு கயிற்று மிதியடி போட்டால் செம்மண்ணும் நிற்கும், ஈரமும் நிற்கும்.

வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. மழை ஓய்ந்து, காற்று உலர்ந்து, தரை அடிவரை காய்ந்திருக்கும். மாசியில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தை பிறந்ததும் தொடங்கிவிட வேண்டும். தொடுவெட்டிச் சந்தைக்குப் போகிறவர் உரித்த தொண்டு இரண்டு கேட்டு வாங்கிவந்தால் போதும். முதலில் கட்டிலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு முழம் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு எழும்பி வந்தால், கொத்தனாருக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம்.