குதிகாலுக்கு ஒரு ஊசி

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது பழமொழி. குதிகால் வலி கண்டவர்கள் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் ஆணி அறைந்தாற்போல் குத்தும். பத்து அடி நடந்தால் சற்றுத் தணியும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும். திக்லிபூரில் நம்மவர்கள் கூடும் இடங்களில், குறிப்பாக 40 வயதைக் கடந்த பெண்களிடையே, இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. "ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் போய்விடுமாமே?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். சென்ற ஆண்டு அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவள் என்ற முறையில், போடுவதற்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவற்றை நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது?

குதி எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை உள்ளங்காலில் ஒரு கெட்டியான திசுப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்காக நின்று சமைப்பது, தேய்ந்த ஹவாய் செருப்போடு நடப்பது, உடல் எடை கூடுவது, கெண்டைக்கால் தசை இறுகிப்போவது ஆகியவற்றால் அந்தப் பட்டை குதியோடு சேரும் இடம் நைந்து வலிக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைக் கண்டு பலர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருப்பதுண்டு.

பெரும்பாலோருக்கு இந்த வலி ஓர் ஆண்டுக்குள் நல்ல செருப்பு, பயிற்சி, ஓய்வு ஆகியவற்றாலேயே அடங்கிவிடும். ஆகவே ஊசி முதல் வைத்தியம் அல்ல. சில மாதங்கள் இவற்றைச் செய்து பார்த்தும் அன்றாட வேலை முடங்கினால்தான் டாக்டர்கள் ஊசியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஊசியின் கதை

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு 1948 செப்டம்பரில் கார்டிசோன் மருந்தைக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே டாக்டர் ஹாலண்டர் இவ்வகை மருந்தை நேராக மூட்டுக்குள் ஊசியாகச் செலுத்தும் முறையைப் பற்றி எழுதினார். ஆனால் கார்டிசோனை நிறுத்தியதும் முடக்குவாதம் திரும்பி வந்ததை அப்போதே கண்டார்கள். வலியைத் தணிப்பது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு என்பதை இந்த மருந்து தொடக்கத்திலேயே காட்டிவிட்டது.

குதிகாலுக்கும் இதே நியாயம்தான். உலக அளவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்த ஊசி ஒரு மாதம் வரை வலியைச் சிறிதளவு குறைக்கலாம். அதற்குப் பிறகு பலன் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வுகளும் அவ்வளவு உறுதியானவை அல்ல என்றே அறிக்கை சொல்கிறது.

போவதற்கு முன்

முதலில் பாஷை. தமிழில் தொடை முதல் விரல் வரை எல்லாமே "கால்"தான். இங்கே டாக்டரிடம் பெரும்பாலும் இந்தியில் பேச வேண்டியிருப்பதால், "கால் வலி" என்று பொதுவாகச் சொல்லாமல் வலிக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. ஒவ்வாமை, காய்ச்சல், காலில் புண், கர்ப்பம், முன்பு போட்ட ஊசிகள் ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். கிருமித் தொற்று இருக்கும் இடத்தில் இந்த ஊசி போட மாட்டார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலில் போட்டாலும் மருந்து ரத்தத்தில் கலந்து சில நாட்கள் சர்க்கரையை ஏற்றும். எனக்கு வெறும் வயிற்றில் 130 இருந்தது, மூன்றாம் நாள் 210 காட்டியது. ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. அந்த நாட்களில் எத்தனை முறை சோதிப்பது, எந்த அளவைத் தாண்டினால் சொல்வது என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வைத்திருந்ததால் பதற்றம் இல்லை.

அடுத்தது பயணம். திக்லிபூரில் சமூக சுகாதார மையம் இருக்கிறது. முதலில் அங்கே காட்டுவதே நல்லது. மேல்சிகிச்சைக்கு என்று அனுப்பினால், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேருக்குப் போக வேண்டும். சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஜரவா காப்புப் பகுதியில் குறித்த நேரத்தில் வாகனங்கள் அணியாகத்தான் போக முடியும். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகில் ஏறிக் கடக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் அதிலேயே போய்விடும். ஆகவே ஊசி போட்ட அன்றே திரும்பும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். நான் சின்னம்மா வீட்டில் இரண்டு இரவு தங்கித்தான் திரும்பினேன். துணைக்கு ஒருவர் வருவது அவசியம். மரத்த காலோடு வண்டி ஓட்டக் கூடாது.

ஊசியும் அதன் பிறகும்

வழக்கமாகக் குதிகாலின் உட்பக்கத்திலிருந்து ஊசி போடுகிறார்கள். மரத்துப்போகும் மருந்தையும் சேர்த்துப் போடுவதால் சில மணி நேரம் வலியே தெரியாது. எனக்கு ஊசி போட்டு முடிந்ததும் அங்கிருந்த நம் தமிழ் நர்ஸ், "வலி போயிடுச்சுன்னு கடை கடையா சுத்தக் கிளம்பிடாதீங்க அக்கா" என்றார். சொன்னபடியே இரவில் வலி திரும்பியது. ஓரிரு நாள் முன்னைவிட அதிகமாக வலிப்பதும் உண்டு. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் தணியும். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம்.

நம் வீடுகளில் சுட்ட செங்கல்மேல் எருக்கிலை வைத்துக் குதிகாலை ஊன்றச் சொல்வார்கள். ஊசி போட்ட காலுக்கு அது வேண்டாம். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு எப்போதுமே வேண்டாம், சுட்டால்கூடத் தெரியாது.

காய்ச்சல் வந்தாலோ, ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கி வலி நாளுக்கு நாள் கூடினாலோ, உள்ளங்காலில் "பட்" என்று அறுந்ததுபோல் தோன்றினாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு அந்தத் திசுப்பட்டையைப் பலவீனமாக்கக் கூடும்; அபூர்வமாக அது அறுந்துபோவதும் உண்டு. குதியின் கொழுப்பு மெத்தை கரையலாம், தோல் வெளுக்கலாம். திரும்பத் திரும்ப இந்த ஊசி போடக் கூடாது என்று சொல்வதும், இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது மூன்று மாதமாவது விடுவதும் இதனால்தான்.

கிடைத்த அவகாசம்

வலி தணிந்த சில வாரங்களை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலி போனதென்று பழையபடி வெறுங்காலில் நின்றால் வலியும் பழையபடி வந்து நிற்கும். முதல் இரண்டு வாரம் ஓட்டம், பாரம் தூக்குதல், நெடுநேரம் நிற்பது எதுவும் வேண்டாம். சாடில் பீக் 732 மீட்டர் உயரத்தில் அங்கேயேதான் இருக்கும். அடுத்த வருஷம் ஏறிக்கொள்ளலாம்.

டாக்டர் அனுமதித்த பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள். காலையில் இறங்குமுன் கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, கையால் விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பத்து எண்ணும் வரை பிடியுங்கள். இப்படிப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் வேண்டும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள். அடுக்களையில் செருப்பா என்று மாமியார் கேட்டால், அதற்கென்றே ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலையும் கடை வேலையும் அந்த நாட்களில் யார் பார்ப்பது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து, ஊசிக்கு நாள் குறிக்கும்போதே முடிவு செய்யுங்கள். என் வீட்டில் இரண்டு வாரம் தண்ணீர்க் குடமும் அரிசி மூட்டையும் பிள்ளைகள் பொறுப்பில் இருந்தன. மருந்து அதன் வேலையைச் செய்ய அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.