லாம்டா 0.80: டர்போ இன்ஜினின் புகை சொல்லும் கணக்கு

ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிந்து தீர ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதற்கு மேல் போனால் கலவை ‘லீன்’, குறைந்தால் ‘ரிச்’ என்பது பட்டறைப் பேச்சு. சாதாரண கார் இன்ஜின் இந்த விகிதம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பொறுத்துக்கொள்ளும். டர்போ இன்ஜின் பொறுக்காது. முழு பூஸ்டில், அதாவது டர்போ காற்றை முழு அழுத்தத்தில் திணிக்கும்போது, கலவை லீன் ஆனால் சிலிண்டருக்குள் வெப்பம் ஏறி, ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். நாக்கிங் என்பது இதுதான். அது நீடித்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், அல்லது பிஸ்டனின் தலையே உருகும். அதனால்தான் டியூனர்கள் பூஸ்டில் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டி விகிதத்தை 11.5க்கும் 12க்கும் நடுவில் வைக்கிறார்கள். கூடுதலாக விட்ட பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டைத் தணிக்கிறது.

சரி, ஓடுகிற இன்ஜினில் விகிதம் 11.8ஆ 13.5ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்துவது பழைய ஏற்பாடு. பாஷ் நிறுவனத்தின் சென்சாரை வால்வோ 1976இலேயே அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் கொண்டுவந்துவிட்டது. அது லீன் என்றால் சுமார் 0.1 வோல்ட், ரிச் என்றால் 0.9 வோல்ட் தரும், 14.7ஐக் கடக்கும்போது மட்டும் சட்டென்று தாவும். பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்லிவிட்டு மார்க்கைச் சொல்லாத வாத்தியார் மாதிரி. மாசுக் கட்டுப்பாட்டுக்கு அது போதும். டர்போ டியூனிங்குக்குப் பயனில்லை, 11.8ஐயும் 13.5ஐயும் அது ஒரே ‘ரிச்’ கணக்கில் தள்ளிவிடும்.

மார்க்கையும் சொல்வதுதான் வைட்பேண்ட் சென்சார். அதன் உள்ளே ஒரு நுண்ணிய அறை. புகை ஒரு குறுகிய இடுக்கு வழியாக அதற்குள் கசிகிறது. அறையின் ஒரு பக்கத்தில் பழைய சென்சாரைப் போன்ற செல். மறுபக்கத்தில், மின்சாரம் செலுத்தினால் ஆக்சிஜனை உள்ளேயோ வெளியேயோ தள்ளும் பம்ப் செல். இரண்டும் சிர்கோனியா பீங்கானால் ஆனவை. முதல் செல் எப்போதும் 0.45 வோல்ட் காட்டும்படி கட்டுப்பாட்டுச் சுற்று பம்பை இயக்கிக்கொண்டே இருக்கும். புகை லீன் என்றால் ஆக்சிஜனை வெளியே இறைக்கும், ரிச் என்றால் உள்ளே இறைக்கும், சரிசமம் என்றால் மின்னோட்டம் பூஜ்யம். எவ்வளவு மின்னோட்டம் செலவாகிறது என்பதே அளவு. சில மில்லிஆம்பியருக்குள் மொத்தக் கதையும் அடங்கிவிடுகிறது. பட்டறைகளில் அதிகம் புழங்கும் பாஷ் எல்எஸ்யூ 4.9 இந்த வேலையைச் செய்ய, அதன் ஹீட்டர் பீங்கானை 780 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும்.

சென்சார் உண்மையில் அளப்பது லாம்டா: இருக்கும் விகிதத்தை, எரிபொருள் முழுவதும் எரியத் தேவையான சமவிகிதத்தால் வகுத்த எண். பெட்ரோலுக்கு 14.7 என்பது லாம்டா 1, 11.8 என்பது 0.80. மீட்டரில் தெரியும் ‘11.8’ லாம்டாவை 14.7ஆல் பெருக்கிக் காட்டும் எண்தான். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சமவிகிதம் 13.5ஐ ஒட்டி வரும். எனவே மீட்டரை லாம்டாவுக்கு மாற்றி வைத்துக்கொள்வதே நல்லது. எரிபொருள் எதுவானாலும் 0.80 என்பது 0.80தான்.

மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறைக் காரை எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாமல் வந்து, உலகெங்கும் ஆர்வலர்களின் கையில் டர்போ ஏறிய வண்டி அது. டியூன் செய்வதற்கான ஈசியூவில், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியில், எரிபொருள் அட்டவணை ஒன்று இருக்கும்: ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் காற்றழுத்தம். 4,500 ஆர்பிஎம், 180 கிலோபாஸ்கல் கட்டத்தில் 80 என்று இருக்கிறது, இலக்கு 11.8, பதிவானது 12.6. 80ஐ 12.6ஆல் பெருக்கி 11.8ஆல் வகுத்தால் 85.4. அதை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் புகை சென்சாரை எட்டச் சற்று நேரமாகும் என்பதால், ஆர்பிஎம் தாவிக்கொண்டிருக்கும்போது பதிவான எண்ணை வைத்துத் திருத்தினால் பக்கத்துக் கட்டத்தின் பிழை இங்கே வந்து உட்காரும். குறைந்த பூஸ்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதும் கட்டாயம்.

இனி, வைட்பேண்ட் எங்கே ஏமாற்றும் என்பது. பல பேர் இன்ஜினைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். அது பெட்ரோலைப் பார்ப்பதில்லை, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஸ்பார்க் தவறி ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், செலவாகாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். பெட்ரோல் ஏராளமாக இருந்தும் மீட்டர் ‘லீன்’ என்னும். அதை நம்பி இன்னும் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனைந்து மிஸ்ஃபயர் அதிகமாகும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தாலும் இதே பொய். நான்கு சிலிண்டரின் புகையும் கலந்தபின் அளப்பதால், ஒரு இன்ஜெக்டர் அடைத்து ஒரு சிலிண்டர் மட்டும் லீனாகத் தவிப்பதும் சராசரியில் மறைந்துவிடும். எர்த் சரியில்லாததும் ஒரு தொல்லை: 0 வோல்ட்டை 10 என்றும் 5 வோல்ட்டை 20 என்றும் அனுப்பும் மீட்டரில் 0.1 வோல்ட் பிசகினால் 0.2 விகிதம் தவறும். மீட்டரும் லேப்டாப்பும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்சாரை டர்போவுக்கு முன்னால் பொருத்தக் கூடாது. அங்கே சூடும் அதிகம், அழுத்தமும் அதிகம். அழுத்தம் ஏறினால் லீன் இன்னும் லீனாகவும், ரிச் இன்னும் ரிச்சாகவும் தெரியும். டர்போவைத் தாண்டிய குழாயில், நீர் தேங்காதபடி மேல்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். சூடேறிய பீங்கானில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் விரிசல் விடும். மின்சாரம் கொடுக்காமல் சென்சாரைக் குழாயில் விட்டு வண்டி ஓட்டினால் கரி படிந்து கெடும். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

வைட்பேண்ட் நாக்கிங்கைக் கண்டுபிடிக்காது. இக்னிஷன் டைமிங் தவறியிருந்தால் 11.8 காட்டிக்கொண்டே பிஸ்டன் போகும். அதற்கு நாக் சென்சார் தனியாக வேண்டும். ஆனாலும் டர்போ காரை டியூன் செய்யப் போகிறவர் பூஸ்ட் கன்ட்ரோலருக்கு முன் வைட்பேண்டைத்தான் வாங்க வேண்டும்.