தெளிந்த நீரும் மீனின் சரீரமும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மலைகளுக்கிடையில், கிளியர் லேக் என்றொரு நன்னீர் ஏரி இருக்கிறது. கோடைக் காலத்தில் அங்கே தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க வந்து தங்கும் ஜனங்களுக்கு, கொசுவின் உருவம் உடையதாயினும் கடிக்கும் சுபாவம் இல்லாத ஒருவகைச் சிறு பூச்சி, கூட்டங்கூட்டமாக விளக்குகளை மொய்த்துப் பெருந்தொல்லை கொடுத்து வந்தது. அதை ஒழித்துவிடுவதென்று தீர்மானித்த அதிகாரிகள், டி.டி.டி. என்ற பிரசித்தமான பூச்சிமருந்துக்கு நெருங்கிய உறவான வேறொரு மருந்தை, ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு வீதம் மிகுந்த ஜாக்கிரதையுடன் கணக்கிட்டு, 1949ஆம் ஆண்டில் ஏரியில் கலந்தார்கள். பூச்சி மறுபடியும் தலைகாட்டவே, 1954லும் 1957லும், ஐந்து கோடிக்கு ஒரு பங்கு என்று சற்றுக் கூட்டிக் கலந்தார்கள்.

1954ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அந்த ஏரியின் மீன்களை உண்டு வாழும் முக்குளிப்பான் பறவைகள் கரையோரங்களில் செத்துக் கிடக்கலாயின. தொற்றுநோயோ என்று பார்த்தார்கள். நோயின் சுவடே இல்லை. பிறகு யாருக்கோ அந்தப் பறவைகளின் கொழுப்பைச் சோதித்துப் பார்க்கத் தோன்றிற்று. அதில் பத்து லட்சம் பங்குக்கு 1,600 பங்கு அந்த மருந்தே இருந்தது! நீரில் கலந்த அளவைப்போல் எண்பதாயிரம் மடங்கு அது. ஏரியின் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களில் கொஞ்சமும், அவற்றைத் தின்ற சிறு மீன்களில் அதைவிட அதிகமும், சிறு மீன்களைத் தின்ற பெரிய மீன்களில் மிக அதிகமுமாக, படிப்படியாக அது ஏறிப் போயிருந்தது. கடைசி முறை மருந்து கலந்து சிறிது காலத்துக்கெல்லாம் ஏரி நீரை எடுத்துச் சோதித்தபோது, அதில் மருந்து தென்படவே இல்லை என்பதுதான் இந்த வரலாற்றில் என் மனத்தை விட்டு அகலாத செய்தி. நீர் சுத்தமாகிவிடவில்லை, நீரில் இருந்தது உயிர்களின் உடலுக்குள் குடிபுகுந்துவிட்டது. ஆயிரம் ஜோடிகளுக்கு மேல் கூடு கட்டி வாழ்ந்த முக்குளிப்பான்கள், 1960ஆம் ஆண்டில் ஏறக்குறைய முப்பது ஜோடிகளாகக் குறைந்திருந்தன.

அதே காலத்தில் ஸ்வீடன் தேசத்தில் சோரன் யென்சன் என்ற ரசாயன விஞ்ஞானி, மீன்களிலும் பறவைகளிலும் டி.டி.டி. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்தபோது, தாம் தேடாத ஏதோ சில பொருள்களும் திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கண்டார். அவை இன்னவை என்று கண்டறிய அவருக்குச் சுமார் இரண்டு வருஷம் பிடித்தது. மின்மாற்றிகளில், அதாவது டிரான்ஸ்பார்மர்களில், எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றப்பட்டு வந்த பி.சி.பி. என்ற குளோரின் சேர்மங்களே அவை என்று 1966ல் அவர் உலகத்துக்கு அறிவித்தார். பூச்சிமருந்தையாவது மனிதர்கள் வேண்டுமென்றே வெளியில் தெளித்தார்கள். இதுவோ மூடிய இயந்திரங்களுக்குள் இருக்க வேண்டிய தொழிற்சாலைச் சரக்கு. இது ஆற்று மீனின் உடலிலும் கழுகின் உடலிலும் மட்டுமல்ல, யென்சனுடைய தலைமயிரிலும், அவர் மனைவியின் தலைமயிரிலும், கைக்குழந்தையின் தலைமயிரிலும் இருந்தது.

இப்படிச் சேர்வதற்குக் காரணம் என்ன? குழம்பு கொதித்து இறக்கி ஆறும்போது, மிளகாயின் செந்நிறமெல்லாம் மேலே மிதக்கும் எண்ணெயில் ஏறி நிற்பதை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். அந்த நிறம் எண்ணெயை நாடுவது, நீரில் தங்க மனமில்லாதது. பி.சி.பி. முதலிய பொருள்களின் சுபாவமும் அதுவே. மீன் மூச்சுவிடுவதற்காக இரவும் பகலும் ஓயாமல் செவுள்களின் வழியே நீரைச் செலுத்திக் கொண்டிருக்கிறது. செவுளின் மெல்லிய தோலைக் கடந்து ரத்தத்தில் புகும் அத்தகைய பொருள், மீனின் கொழுப்பைச் சேர்ந்த பிறகு நீருக்குத் திரும்புவதில்லை. திரும்பினாலும் மிக மெதுவாகவே திரும்புகிறது. வரவு தினமும் இருக்க, செலவு அற்பமாக இருந்தால் இருப்பு ஏறத்தானே செய்யும்?

ஆனால் எல்லா நாடுகளையும் விழிக்கச் செய்தது ஏரியும் அல்ல, கழுகும் அல்ல. மனிதர்கள் அடைந்த துன்பமே. 1968ல் மேற்கு ஜப்பானில், தவிட்டெண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில், சூடேற்றும் குழாயில் ஓடிய பி.சி.பி. கசிந்து சமையல் எண்ணெயில் கலந்துவிட்டது. அவ்வெண்ணெய்த் தயாரிப்பில் கிடைத்த உபபொருளைத் தீவனமாகத் தின்ற கோழிகள், அவ்வருஷத் தொடக்கத்திலேயே லட்சக்கணக்கில் மடிந்தன. அந்த எச்சரிக்கையை உணர்ந்துகொள்வார் இல்லை. எண்ணெயை வாங்கிச் சமைத்து உண்ட ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முகத்திலும் உடம்பிலும் கொப்புளங்கள் கிளம்பின. நகமும் தோலும் கறுத்தன. தாய்மார்களுக்குக் கருநிறம் படர்ந்த மேனியோடு குழந்தைகள் பிறந்தன. ஜப்பானியர் அதற்கு யூஷோ, அதாவது எண்ணெய் நோய், என்று பெயரிட்டார்கள். அந்தத் துயரத்தின் விளைவாக 1973ல் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், புதிய ரசாயனப் பொருள் எதையும் உற்பத்தி செய்வதற்கு முன்பே, அது இயற்கையில் சிதைந்து போகிறதா, மீனின் உடலில் சேர்ந்து தங்குகிறதா, நாளடைவில் தீங்கு செய்கிறதா என்று சோதித்தறிய வேண்டும் என விதித்தது. சேதம் நேர்ந்த பிறகு பிணங்களைச் சோதிப்பதை விட்டு, பொருள் ஆலையின் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே மீனிடம் கேட்டுவிடுவது என்ற இந்த ஏற்பாட்டை, ரசாயனத் தொழிலின் வரலாற்றில் தோன்றிய உயர்ந்த தர்மங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

அந்தச் சோதனைக்கு இன்று உலக நாடுகள் பலவும் கைக்கொள்ளும் விதிமுறை, பாரிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 1981ல் வெளியிட்டு, 1996லும் 2012லும் திருத்தியமைத்த 305ஆம் எண் விதிமுறையாகும். முதலில் ஒரு பூர்வாங்கப் பரீட்சை: பொருளை, ஆக்டனால் என்ற கொழுப்புத் தன்மையுள்ள திரவத்துடனும் நீருடனும் ஒரே குடுவையில் வைத்துக் கலக்கி, எதில் எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பார்கள். நீரில் தங்குவதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆக்டனாலில் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. எனினும் குடுவைக்கு ஈரல் இல்லை. மீனுக்கு இருக்கிறது, உள்ளே புகுந்த பொருளை உடைத்து வெளியேற்றும் சக்தியும் அதற்கு ஓரளவு இருக்கிறது. சில பொருள்களின் மூலக்கூறுகளோ செவுளைக் கடக்க முடியாத அளவுக்குப் பருத்தவை. ஆகையால் முடிவான விடையை உயிருள்ள மீனிடமிருந்துதான் பெற வேண்டியிருக்கிறது.

சாதாக் கெண்டை, வானவில் டிரவுட், மெடாகா, கப்பி முதலிய மீன்கள் இதற்கு உபயோகப்படுகின்றன. இவற்றுள் மிகப் பிரசித்தமானது, விரல் நீளம்கூட இல்லாத, மேனியில் நீலக் கோடுகள் ஓடும் வரிக்குதிரை மீன். கங்கைச் சமவெளியின் ஓடைகளுக்கும் வயல்களுக்கும் உரிய இந்த ஏழை மீன், இன்று உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் வாசம் செய்கிறது என்பது பலரும் அறியாதது.

சோதனையின் முற்பாதி பெரும்பாலும் இருபத்தெட்டு நாள். தொட்டியில் நீர் தேங்கி நிற்பதில்லை. பொருள் கலந்த நீர் ஒரு பக்கம் ஓயாமல் வர, மறுபக்கம் வெளியேறிக் கொண்டிருக்கும். தேங்கினால் மீன்களே பொருளை உறிஞ்சிவிட, நீரில் அதன் அளவு குறைந்து கணக்குப் பிழைத்துப் போகும். கலக்கும் அளவு மீனைத் துன்புறுத்தாததாக இருக்க வேண்டும். நோயுற்ற மீன் மூச்சையும் உணவையும் மாற்றிக்கொள்ளும், அதன் சாட்சியத்தை நம்ப முடியாது. பக்கத்திலேயே பொருள் கலவாத இன்னொரு தொட்டியில் அதே இனத்து மீன்கள், அதே உணவை உண்டு ஒப்பீட்டுக்காக வளரும். உணவு இட்ட சிறிது நேரத்துக்குள், தின்னாத மிச்சத்தையும் எச்சத்தையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும் என்று விதிமுறை வற்புறுத்துகிறது. ஏனெனில் நீரில் மிதக்கும் அழுக்கிலும் பொருள் போய் ஒட்டிக்கொள்ளும். ஐந்து முறைக்குக் குறையாமல், ஒவ்வொரு முறையும் நான்கு மீன்களையாவது எடுத்து, அவற்றில் பொருள் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அளப்பார்கள். கொழுத்த மீனும் மெலிந்த மீனும் ஒன்றாகா ஆகையால், நூற்றுக்கு ஐந்து பங்கு கொழுப்புள்ள மீனுக்கு இவ்வளவு என்று விடையைச் சமன்படுத்திக்கொள்வது வழக்கம்.

பிற்பாதியில் எஞ்சிய மீன்களை, அந்தப் பொருள் அணுவளவும் இல்லாத நல்ல நீருக்கு மாற்றிவிடுகிறார்கள். இந்தப் பாதியையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எவ்வளவு ஏறிற்று என்பதைக் காட்டிலும், ஏறியது இறங்குகிறதா என்பதல்லவா பெரிய கேள்வி? சில பொருள்கள் இரண்டொரு நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடுகின்றன. சில, வாரக்கணக்கில் நல்ல நீர் ஓடியும் அசைவதில்லை. இங்கே ஒரு நுட்பமும் உண்டு. மீன் வளர்ந்து எடை கூடினால், உள்ளே இருக்கும் பொருள் இம்மியும் வெளியேறாமலே அதன் விகிதம் குறைந்ததுபோல் தோன்றும். தண்ணீர் கலந்த பாலில் பாலின் அளவு குறைந்துவிடாததுபோல, இதுவும் உண்மையான குறைவு ஆகாது. அந்த வளர்ச்சியைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மீனில் உள்ள அளவை நீரில் உள்ள அளவால் வகுத்தால் கிடைப்பது உயிர்ச்செறிவுக் காரணி. ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராமும், ஒரு கிலோ மீனில் 2,000 மைக்ரோகிராமும் இருந்தால் காரணி 2,000. ஐரோப்பியச் சட்டம் 2,000க்கு மேற்பட்டதை உடலில் சேரும் பொருள் என்றும், 5,000க்கு மேற்பட்டதை மிக அதிகமாகச் சேரும் பொருள் என்றும் வகுத்திருக்கிறது. 2001ல் ஏற்பட்டு, இந்தியாவும் 2006ல் ஏற்றுக்கொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும், நீண்ட காலம் அழியாத விஷங்களை அடையாளம் காணும் அளவுகோல்களில் ஒன்றாக 5,000ஐக் கொள்கிறது. நீரில் கரையவே மறுக்கும் பொருளாயின், அதை உணவில் கலந்து கொடுத்துச் சோதிப்பதும் உண்டு.

இவ்வகைச் சோதனை ஒன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மீன்கள் உயிரிழக்கின்றன என்பதை மறைப்பது நியாயமன்று. அதை உணர்ந்தே, குறைந்த மீன்களைக் கொண்டு முடிக்கும் சுருக்க முறைக்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுத்தது. டிரவுட் மீனின் ஈரல் அணுக்களைத் தனியே எடுத்து, அவை பொருளை எவ்வளவு வேகமாகச் சிதைக்கின்றன என்று பார்க்கும் முறைகளும் 2018ல் அங்கீகாரம் பெற்றன. இவை பெருக வேண்டும் என்பதே என் ஆவல். ஆனால் ஆக்டனால் குடுவை ஒன்றையே நம்பி, மீனைக் கேளாமல் விட்டுவிடலாம் என்பாருடன் எனக்கு உடன்பாடு இல்லை. தீயணைக்கும் நுரையிலும் கறை படியாத துணிகளிலும் சேர்க்கப்பட்டு வந்த பி.எப்.ஓ.எஸ். என்ற புளோரின் சேர்மம், கொழுப்பை நாடாமல் ரத்தத்திலும் ஈரலிலும் உள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு தங்குவது. கொழுப்பைக் கொண்டே எல்லாவற்றையும் அளந்த கணக்கு, அதைக் காட்டிக்கொடுக்கத் தகுதியற்றது. அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது 2009ல்தான்.

முன்கூட்டிக் கேளாததன் விலையை நியூயார்க் மாகாணத்தின் ஹட்சன் நதி இன்றளவும் செலுத்திக் கொண்டிருக்கிறது. 1947 முதல் 1977 வரையில் அதன் கரையில் இருந்த இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து பி.சி.பி. அந்த நதியில் கலந்தது. 1976ல் மேல் ஹட்சனில் மீன்பிடித்தலைத் தடை செய்தார்கள். 2009 தொடங்கி 2015 வரை நதியின் அடிமண்ணைத் தோண்டி அள்ளினார்கள். மேல் ஹட்சனில் தூண்டில் போட 1995 முதல் மறுபடியும் அனுமதி உண்டு. ஆனால் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அதை நதியிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும்.