எட்டு கோர் இருந்தும் வெப் பக்கம் எட்டு மடங்கு வேகமாகத் திறக்காதது ஏன்?

புதிய கம்ப்யூட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது கோர்களின் எண்ணிக்கையைத்தான். இன்டெல் நிறுவனம் 2006ல் கோர் 2 டுயோவை வெளியிட்டபோது இரண்டு கோர் என்பதே பெரிய செய்தி. இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எட்டு கோர் இருக்கிறது. அப்படியானால் வெப் பக்கம் எட்டு மடங்கு வேகமாகத் திறக்க வேண்டுமே? திறப்பதில்லை.

வெப் பக்கங்கள் எச்.டி.எம்.எல். மொழியில் எழுதப்படுகின்றன. இது தலைப்பு, இது பத்தி, இங்கே படம் என்று கோண அடைப்புக்குறிகளுக்குள் குறிப்புகள் இருக்கும். இவைதான் டேக்குகள். பிரவுசர் இவற்றை வரிசையாகப் படித்து, எதற்குள் எது அடங்கும் என்று ஒரு கிளை அமைப்பை மெமரியில் உருவாக்கும். இந்த வேலைக்குப் பார்சிங் என்று பெயர்.

பைலை எட்டுத் துண்டாக்கி எட்டு கோர்களிடம் கொடுத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். கடைக் கணக்கைக் கூட்டுவதற்கு அப்படிக் கொடுக்கலாம்; எங்கே வெட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது. எச்.டி.எம்.எல். பைலை நடுவிலிருந்து படிக்கும் கோருக்கோ, தன் கையில் இருப்பது என்ன என்றே தெரியாது. சற்று முன்னால் ஒரு கமெண்ட் தொடங்கியிருந்தால், இங்கே டேக் போலத் தெரிவது எதுவும் டேக் அல்ல; திரையில் வரவும் கூடாது. முந்தைய துண்டைப் படித்து முடித்தால்தான் இது தெரியும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தின் நடுவே உள்ள ஸ்கிரிப்ட், 'டாக்குமெண்ட்.ரைட்' என்ற கட்டளை மூலம் அதே இடத்தில் புதிய டேக்குகளை எழுதிவிடலாம். ஆகவே சாதாரண ஸ்கிரிப்ட் குறுக்கிட்டால், அது இறங்கி இயங்கி முடியும்வரை பார்சர் காத்திருக்க வேண்டும். (இந்தக் கட்டளை மட்டும் இல்லாதிருந்தால் பிரவுசர் எழுதுபவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!)

இதற்குக் கண்டுபிடித்த வழி, ஊகம். பார்சர் காத்திருக்கும்போது இன்னொரு சிறு புரோகிராம் முன்னால் ஓடி, அடுத்து வரும் ஸ்கிரிப்ட் போன்ற பைல்களை டவுன்லோட் செய்யத் தொடங்கிவிடும். 2009ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இப்படிச் செய்தது. 2011ல் வந்த பயர்பாக்ஸ் 4 இன்னும் துணிந்தது. பார்சிங்கையே தனி த்ரெட்டாக, அதாவது வேறொரு கோரில் ஓடக்கூடிய வேலையாகப் பிரித்தது. ஸ்கிரிப்ட் முடியும் முன்பே மீதிப் பக்கத்தைப் பார்ஸ் செய்து வைக்கும். ஊகம் தவறினால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்யும்.

பல கோர்களை ஒரே பக்கத்துக்காக நன்றாக வேலை வாங்கியது, 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் குவாண்டம். அதுவும் பார்சிங்கில் அல்ல, அடுத்த கட்டத்தில். கிளை அமைப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நிறம், எழுத்தளவு போன்றவற்றை முடிவு செய்ய வேண்டும். தாய்க் கிளையின் எழுத்தளவு சேய்க்கு வரும் என்பதால் தாய்க்கு முதலில் முடிவு செய்தாக வேண்டும். ஆனால் பக்கத்துக் கிளைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கத் தேவையில்லை. எனவே கிளைகளைக் கோர்களுக்குப் பங்கிடலாம். தன் பங்கை முடித்த கோர் சும்மா இருக்காமல், மற்றதன் வரிசையில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ளும்.

எனவே வெப் பக்கம் பார்ப்பதற்காக மட்டும் கூடுதல் கோருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கோரின் தனி வேகமும், போதுமான ராமும், பிரவுசரின் புதிய பதிப்பும்தான் முக்கியம். நிறைய டேப்களைத் திறந்து வைப்பவர்களுக்குக் கோர்கள் உதவும். இன்றைய பிரவுசர்கள் டேப்களைப் பல தனிப் புராசஸ்களாகப் பிரித்து இயக்குகின்றன.

உங்கள் கம்ப்யூட்டரில் இதைப் பார்க்க, விண்டோஸ் 10 அல்லது 11ல் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குச் சென்று, சி.பி.யு. வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் புராசசர்கள் தனித்தனியே தெரியும்படி மாற்றுங்கள். கட்டங்கள் கோர்களைவிட அதிகமாக இருந்தால் குழம்ப வேண்டாம். சில புராசசர்களில் ஒரே கோர் இரண்டு கட்டங்களாகத் தெரியும்.